நேர்கோடு வளையும் இடம்: ஒரே துணைவேந்தர் நாற்காலி, இரண்டு சிவில் பொறியாளர்கள்

1981 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலியில் இரண்டே பேர்தான் அமர்ந்திருக்கிறார்கள். 1990 வரை வா.செ. குழந்தைசாமி. அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் மு. ஆனந்தகிருஷ்ணன். இருவரும் சிவில் பொறியாளர்கள். இருவரும் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி ஊர் திரும்பியவர்கள். இருவரின் ஆராய்ச்சியும் நீரோட்டத்தைப் பற்றியது.

ஒரு பொறியாளர் பல்கலைக்கழகத்தை நடத்தப் போனால் அவருடைய பழைய தொழிலிலிருந்து எது கூடவே வருகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது? இதைப் பார்க்க இந்த இணையைவிட வசதியான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். வாழ்க்கை வரலாறு எழுதுவது நோக்கமில்லை. ஆகவே விருது, பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கைபட்ட நடைமுறைகளைப் பிரித்துப் பார்க்கிறோம்.

ஆட்கள்

குழந்தைசாமி 1929இல் கரூர் வட்டார கிராமமொன்றில் பிறந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., 1964இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். கிண்டியில் நீர்வளத் துறைப் பேராசிரியர், மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்குநர் என்று படிப்படியாக ஏறியவர். மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர்: மதுரை காமராசர், அண்ணா, பிறகு 1990–94இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார். வள்ளுவம் பற்றிய நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2002இல் பத்ம பூஷண். 2016இல் மறைந்தார்.

ஆனந்தகிருஷ்ணன் 1928இல் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவர். 1960இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் தொடக்க காலப் பேராசிரியர்களில் ஒருவர். 1974இல் வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், 1978 முதல் நியூயார்க்கில் ஐ.நா.வின் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவு. அங்கிருந்துதான் நேரே கிண்டிக்கு வந்தார். பின்னாளில் கான்பூர் ஐ.ஐ.டி. ஆளுநர் குழுவின் தலைவர். 2002இல் பத்மஸ்ரீ. 2021 மே மாதம் மறைந்தார்.

ஒருவர் மாநில நிர்வாகத்தின் உள்ளிருந்து வளர்ந்தவர், மற்றவர் பதினைந்து ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். இந்த வேறுபாடு முக்கியம்தான். ஆனாலும் ஆராய்ச்சியில் அவர்கள் தொட்ட கேள்வி ஒன்றே என்பதுதான் எங்களை முதலில் இழுத்தது.

ஆராய்ச்சி: விதி எதுவரை செல்லும்?

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பெய்கிறது. ஆற்றின் முகத்தில் எப்போது, எவ்வளவு வெள்ளம் வரும்? 1932இல் ஷெர்மன் கொடுத்த யூனிட் ஹைட்ரோகிராஃப் முறை இதற்கு எளிய விடை சொன்னது: ஓர் அலகு மழைக்கு வரும் வெள்ளத்தின் வரைபடம் தெரிந்தால் போதும், மழை இரண்டு மடங்கானால் வெள்ளமும் ஒவ்வொரு கணத்திலும் இரண்டு மடங்கு. முழுக்க நேர்விகிதம்.

இதன் அடியில் இருப்பது ஒரு கணக்குப்பிள்ளையின் சமன்பாடு. வரவு கழித்தல் செலவு என்பது தேக்கத்தில் ஏற்படும் மாற்றம். தேக்கத்துக்கும் வெளியேற்றத்துக்கும் என்ன உறவு என்று சொல்லிவிட்டால் கணக்கு முடியும். நேர்விகித உறவு என்றால் தேக்கத்தை ஒரு மாறா நேரத்தால் வகுக்க வேண்டியதுதான். அந்த நேரம் 10 மணி, அதாவது 36,000 விநாடி என்று வையுங்கள். தேக்கத்தில் 36 லட்சம் கன மீட்டர் நீர் இருந்தால் வெளியேற்றம் விநாடிக்கு 100 கன மீட்டர். மழை நின்று 10 மணி நேரம் கழிந்தால் அது சுமார் 37 கன மீட்டருக்கு இறங்கியிருக்கும்.

நிஜ ஆறு இவ்வளவு கீழ்ப்படியாது. பெருவெள்ளத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். அந்த 10 மணி நேரம் 7 ஆகலாம், 6 ஆகலாம். ஆகவே இரு மடங்கு மழைக்கு உச்சம் இரு மடங்கைத் தாண்டும், முன்கூட்டியும் வரும். சின்ன வெள்ளங்களை அளந்து எடுத்த யூனிட் ஹைட்ரோகிராஃபை வைத்துப் பெரிய வெள்ளத்துக்கு மதகு கட்டினால் மதகு போதாது. குழந்தைசாமியின் ஆய்வு இந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தேக்கம் என்பது வெளியேற்றத்தை மட்டும் சார்ந்ததல்ல. வரத்து, வரத்து மாறும் வேகம், வெளியேற்றம் மாறும் வேகம் எல்லாம் அதில் சேரும், அவற்றைப் பெருக்கும் எண்களான கெழுக்களும் மாறாதவையல்ல என்று பொதுச் சமன்பாடாக எழுதினார். அவருடைய வழிகாட்டி வென் டே சௌவுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட பொது நீரியல் மாதிரி பாடநூல்களில் ஏறிவிட்டது. ஆற்றில் வெள்ளம் நகர்வதைக் கணக்கிடப் பொறியாளர்கள் அன்றாடம் எடுக்கும் மஸ்கிங்கம் முறை அதன் தனிநிலைகளில் ஒன்று. வேக உறுப்புகளை எல்லாம் அடித்துவிட்டு, வரத்தும் வெளியேற்றமும் மட்டும் மாறாக் கெழுக்களோடு நின்றால் அதுதான் மஸ்கிங்கம்.

ஆனந்தகிருஷ்ணன் எடுத்தது மணல். மணலுக்குள் நீர் ஓடும் வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம் என்று 1856இல் டார்சி சொன்னது இன்றும் கிணறு, அணைக்கசிவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆனால் மணல் பருமனாகி, வேகம் கூடினால் விதி வளைகிறது. ஓட்டத்தின் வேகத்தையும் மணலின் பருமனையும் நீரின் பிசுப்போடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் 1 முதல் 10க்குள் எங்கோ வளைவு தொடங்கும். அதற்கு மேல் சரிவை இரட்டிப்பாக்கினாலும் ஓட்டம் இரட்டிப்பாகாது. 1963இல் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் இதழில் அவர் இன்னொருவருடன் இணைந்து எழுதிய கட்டுரை, மணல் வழியே நீரின் சீரோட்டமும் கொந்தளிப்போட்டமும் பற்றியது.

ஒருவருக்கு வெள்ளம் விகிதத்தை மிஞ்சியது, மற்றவருக்குக் கசிவு விகிதத்துக்குக் குறைந்தது. வளைவின் திசைதான் வேறு. நேர்விகித விதி எந்த எல்லைவரை செல்லும் என்பதே இருவர் கேள்வியும். நிர்வாகத்துக்கு வந்த பின் அவர்கள் போட்ட விதிகளை இதே கேள்வியால் அளப்பது நியாயம் என்று நினைக்கிறோம்.

1981இல் கையில் வந்த பல்கலைக்கழகம்

அண்ணா பல்கலைக்கழகம் 1978 செப்டம்பரில் தொடங்கியது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் சேர்ந்த ஒற்றை அமைப்பு. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள் அன்று கிடையாது. அவை 2001க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் மற்றப் பொறியியல் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருச்சிப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன.

இந்தச் சிறிய அமைப்புக்கு மாநிலம் முழுவதற்குமான வேலை ஒன்று 1984இல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுதான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது. நேர்முகத் தேர்வு போய், தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அதே ஆண்டு. வரத்து ஒரே ஆண்டில் மாறிவிட்டது என்று நீரியல்காரர் சொல்வார். போகும் வழி மட்டும் பழையபடி இருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை அடுத்தவருக்கு விழுந்தது.

இடையில் ஒரு கிளை: திறந்தநிலைக் கல்வி

குழந்தைசாமி டெல்லிக்குப் போய் எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகத்தில் வகுப்பறையே இல்லை. அங்கு ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரம். வாசிப்பு, ஒலிப்பதிவு, காணொலி, ஒப்படைப்பு எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். நான்கு கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். பொதுவாக ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு. தொலைக்காட்சியில் பாடம், ஒருவழிக் காட்சியும் இருவழிப் பேச்சுமாகச் செயற்கைக்கோள் வழி வகுப்பு ஆகியவை 1990களின் தொடக்கத்தில் அங்கே நடைக்கு வந்தன. நாட்டின் மற்றத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களை ஒருங்கிணைக்கும் தொலைநிலைக் கல்விக் குழு உருவானதும் அவர் காலத்தில்தான். 1993இல் காமன்வெல்த் கற்றல் அமைப்பு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொலைநிலைக் கல்விக்கான உயர்சிறப்பு மையமாக அறிவித்தது.

இந்த முறையில் பழுது எங்கே வருகிறது என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். பாடம் எழுதும் செலவு ஒருமுறைச் செலவு. ஆயிரம் பேர் படித்தாலும் லட்சம் பேர் படித்தாலும் ஒன்றுதான். அச்சுச் செலவு பிரதிக்குப் பிரதி குறையும். ஒப்படைப்பு திருத்துவது அப்படியில்லை. ஒரு தாளுக்கு 15 நிமிடம் என்றால் லட்சம் தாளுக்கு 25,000 மணி நேரம். அதில் தள்ளுபடி கிடையாது. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்: மதிப்பெண் மட்டும் வரும், ஓரத்தில் எழுத வேண்டிய குறிப்பு வராது. அல்லது குறிப்பு தேர்வு முடிந்த பிறகு வரும். தொலைநிலை மாணவருக்கு ஆசிரியர் நேரே பேசும் இடம் அந்தத் தாளின் ஓரம் ஒன்றுதான். அது போனால் மிஞ்சுவது அஞ்சல்வழிப் புத்தகக் கடை.

ஒற்றைச் சாளரம்

ஆனந்தகிருஷ்ணன் பெயரோடு மக்கள் முதலில் சேர்த்துச் சொல்வது ஒற்றைச் சாளரச் சேர்க்கையை, அதாவது எல்லாக் கல்லூரிக்கும் ஒரே இடத்தில் ஒதுக்கீடு செய்யும் முறையைத்தான். இன்று பொறியியல் கலந்தாய்வு என்றால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதே பலருக்கு மறந்துவிட்டது. அதனால் பழைய நிலையிலிருந்து தொடங்குவோம்.

கல்லூரிக்குக் கல்லூரி தனி விண்ணப்பம் என்று வையுங்கள். ஐந்து கல்லூரி, ஒவ்வொன்றிலும் 20 இடம், மொத்தம் 100. முதல் 20 மாணவர்கள் ஐந்துக்கும் விண்ணப்பிப்பார்கள். ஐந்து கல்லூரியின் முதல் பட்டியலும் அதே 20 பெயர்தான். 100 இடமும் 20 பேருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு நான்கை விட வேண்டும். 80 இடம் திரும்பி வரும். ஆனால் எப்போது வரும் என்பது அவர்கள் கையில். இரண்டாம் பட்டியல், மூன்றாம் பட்டியல் என்று ஆகஸ்ட் வரை இழுக்கும். இதற்குள் 30ஆம் ஆள் பயந்துபோய்க் கிடைத்த பிரிவில் பணம் கட்டியிருப்பார். 60ஆம் ஆள் கடைசி வாரத்தில் அதைவிட நல்ல பிரிவில் நுழைவார். விதியை யாரும் மீறவில்லை. ஆனாலும் தகுதி வரிசை தலைகீழாகிவிட்டது.

1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுயநிதிக் கல்லூரி இடங்களில் பாதியை அரசுக் கட்டண இடமாகவும், மறுபாதியைக் கூடுதல் கட்டண இடமாகவும் பிரித்து, இரண்டையும் தகுதி வரிசையிலேயே நிரப்பச் சொன்னது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை, ஒரே இடத்தில் ஒதுக்கீடு என்பது அதன்பின் கட்டாயமே ஆகிவிட்டது. விருப்பம் இருந்தது, தேவையும் வந்தது. செய்முறை வேண்டியிருந்தது.

செய்முறையின் உறுப்புகள் இவை. ஒரே விண்ணப்பம். சான்றிதழ் சரிபார்ப்பு. கட்-ஆஃப் கணக்கு. தரவரிசை. தரவரிசைப்படி அழைப்பு. அழைக்கப்பட்டவர் அந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் எல்லாக் கல்லூரி, எல்லாப் பிரிவு இடங்களிலிருந்தும் ஒன்றை எடுப்பார். எடுத்த இடம் அப்போதே கணக்கிலிருந்து கழியும். ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு வெளியே வருவார். அடுத்தவர் உள்ளே போவார்.

இதன் நயம் ஒரு பண்பில் இருக்கிறது: உங்கள் முறை வரும்போது உண்மையிலேயே பிடித்ததை எடுப்பதுதான் உங்களுக்கு எப்போதும் லாபம். தந்திரம் செய்ய இடமில்லை. சிபாரிசுக் கடிதம் செருகவும் சந்து கிடையாது. கிண்டி வளாகத்தில் திரையில் காலியிட எண் 3, 2, 1 என்று இறங்குவதைப் பெற்றோர் கண்ணால் பார்த்தார்கள். நேர்முகத் தேர்வு காலத்துச் சந்தேகங்களைக் கரைத்ததில் எந்த விளம்பரத்தையும்விட அந்தத் திரைக்குப் பங்கு அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

கட்-ஆஃப் கணக்கு நுழைவுத் தேர்வு இருந்தவரை 300க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, நுழைவுத் தேர்வு 100. பின்னர் 200க்கு. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்து மாணவர் ஒருவர் கணிதத்தில் 192, இயற்பியலில் 184, வேதியியலில் 190 எடுத்திருந்தால் 96, 46, 47.5 என்று மொத்தம் 189.5. கணிதம் அரை மதிப்பெண் படியில் ஏறும், மற்ற இரண்டும் கால் மதிப்பெண் படியில். ஆக 195 முதல் 200 வரை இருப்பது 21 படிகள்தான். மாநிலத்தின் முன்வரிசை மாணவர்கள் அத்தனை பேரும் அந்த 21 படியில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் சமநிலை வந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காம் பாடம், பிறகு வயதில் மூத்தவர், அதிலும் சமம் என்றால் கணினி கொடுத்த பத்து இலக்கச் சமவாய்ப்பு எண். அந்த எண்ணைத் தரவரிசைக்கு முன்பே எல்லாருக்கும் கொடுத்து அறிவித்துவிடுவது நல்ல பழக்கம். சமநிலை வந்த பிறகு குலுக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி இடஒதுக்கீடு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிக்கல் அரசியலில் இருப்பதாக நினைப்பார்கள். மேசையில் உட்கார்ந்தவருக்குச் சிக்கல் தசமப் புள்ளியில். 60 இடம் உள்ள பாடப்பிரிவு ஒன்றை எடுங்கள். பொதுப் பிரிவு 31 விழுக்காடு, 18.6 இடம். பிற்படுத்தப்பட்டோர் 30 விழுக்காடு, 18. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20 விழுக்காடு, 12. பட்டியலினத்தவர் 18 விழுக்காடு, 10.8. பழங்குடியினர் 1 விழுக்காடு, 0.6. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிக் கூட்டுங்கள்: 19, 18, 12, 11, 1. மொத்தம் 61. இல்லாத ஓர் இடம் முளைத்துவிட்டது. யாரிடமிருந்து கழிப்பது?

சுயநிதிக் கல்லூரி 60இல் 65 விழுக்காட்டை அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுத்தால் 39 இடம். அதில் பழங்குடியினர் பங்கு 0.39. பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு முழு எண்ணாக்கினால் மாநிலம் முழுவதும் பூஜ்யம். பின்னத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த பாடப்பிரிவுக்கு எடுத்துச் செல்லும் சுழற்சிப் பதிவேடு இதனால்தான் தேவை. பொதுப் பிரிவு இடம் எல்லாருக்கும் திறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் தன் தரவரிசையில் பொது இடம் இருந்தால் அதைத்தான் எடுப்பார். தன் வகுப்பு இடம் அடுத்தவருக்கு மிஞ்சும். இந்த வரிசை மாறினால் ஒதுக்கீடு தளமாக இல்லாமல் கூரையாக மாறிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கன்னியாகுமரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஒரே நகரத்துக்கு வர வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவருக்கும் உடன் வருபவருக்கும் பாதிக் கட்டணம் என்று சலுகை தந்தார்கள். ஊர் போய்ச் சேர்வது வேறு, திரையின் முன் சில நிமிடத்தில் நான்கு ஆண்டைத் தீர்மானிப்பது வேறு. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. மாணவர்கள் சுற்றுச் சுற்றாக விருப்பப் பட்டியல் கொடுத்தார்கள். பயணம் ஒழிந்தது, புதிய தவறு ஒன்று வந்தது. நேரில் எடுக்கும்போது காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் தெரியாது. ஆகவே ஐந்தாறு விருப்பத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எதுவும் கிடைக்காமல் நின்றார்கள். இன்னும் சிலர் கிடைக்கும் என்று தாம் நினைத்ததை முதலில் போட்டார்கள். பிடித்ததை முதலில், பட்டியலை நீளமாக என்பதுதான் இந்த முறையில் சரி. 100 விருப்பம் போட்டதற்காக யாரும் முதல் விருப்பத்தை இழப்பதில்லை.

எழுத்தும் விசையும்

பதவிக்கு வெளியே இருவரும் தமிழ் எழுத்தில் கைவைத்தார்கள். ஒருவருடைய யோசனை நின்றது, மற்றவருடையது ஓடியது. காரணம் பார்க்கத் தக்கது.

1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் பொது வடிவத்துக்கு வந்தன. குழந்தைசாமி அடுத்த படியை வலியுறுத்தினார். உகர, ஊகார வரிசையில் 36 எழுத்துகள். கு, சு, து, டு ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைகிறது. இவற்றுக்கு இரண்டு தனிக் குறி, இகர ஈகார வரிசைக்கு இரண்டு தனிக் குறி வைத்தால் குழந்தை 72 வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வடிவமைப்பாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஏற்கப்படவில்லை.

எழுத்துகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், அவை பக்கத்தில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினால் காரணம் தெரியும். 1978இல் மாறிய 13இல் பாதி அரிதானவை. றொ, னோ ஒரு பக்கத்தில் எத்தனை வரும்? உகரம் அப்படியல்ல. குற்றியலுகரத்தில் முடியும் சொல் இல்லாத தமிழ் வரியைத் தேட வேண்டும். இந்த மாற்றம் ஒவ்வொரு வரியின் முகத்தையும் மாற்றிவிடும். 36 என்ற எண் அந்தக் கனத்தைக் காட்டவில்லை. கணினிகளின் பொது எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் உகரக் குறி ஏற்கெனவே மெய்யிலிருந்து பிரித்துத்தான் சேமிக்கப்படுகிறது என்பது வேடிக்கை. கணினியின் உள்ளே குழந்தைசாமி கேட்ட பிரிப்பு இருக்கிறது, திரையில் மட்டும் இல்லை.

ஆனந்தகிருஷ்ணன் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டோடு பிறந்த தமிழ்99 விசைப்பலகை முயற்சியை முன்னின்று நடத்தினார். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: 31 விசை. உயிர் இடக் கைக்கு, மெய் வலக் கைக்கு. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ஆக ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ‘பந்து’வுக்கு ப, ந, த, உ. புள்ளியைத் தேடவே வேண்டாம். விதி உதைக்கும் இடமும் உண்டு. ‘மமதை’ என்று அடித்தால் ‘ம்மதை’ வரும். முதல் ம-வுக்குப் பின் அ-வைத் தட்டினால் புள்ளி விழாது.

எழுத்தின் வடிவத்தை இந்த ஏற்பாடு தொடவேயில்லை. படிப்பவருக்கு எதுவும் மாறவில்லை, அடிப்பவரின் விரல் மட்டும் மாறியது. அதே ஆண்டு அரசு ஆணையும் கிடைத்தது. கூடவே ஏற்கப்பட்ட டாம், டாப் குறியாக்கங்களை யூனிகோடு தள்ளிவிட்டது. விசைப்பலகை இன்றும் இருக்கிறது. 1999 மாநாட்டிலிருந்து கிளைத்த இன்னொன்று, 2001 பிப்ரவரியில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம். அதன் நிறுவனத் தலைவர் குழந்தைசாமி.

மதிப்பெண்ணைச் சமன்படுத்தல்

நுழைவுத் தேர்வை நீக்க தமிழக அரசு 2005இல் அரசாணை போட்டது, 2006 தொடக்கத்தில் சட்டமும் போட்டது. இரண்டையும் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2006 ஜூலையில் அமைந்த புதிய குழுவுக்கு ஆனந்தகிருஷ்ணன் தலைவர். குழுவின் அறிக்கையை அடுத்து அந்த ஆண்டின் இறுதியில் வந்த சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று, 2007 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்திலும் நின்றது. முந்தைய முயற்சிகளுக்கு இல்லாத இரண்டு தூண் இதற்கு இருந்தன. ஒன்று குழுவின் ஆய்வும் ஒப்புதலும். மற்றது, வெவ்வேறு கல்வி வாரிய மாணவர்களை ஒப்பிட ஒரு சூத்திரம்.

சூத்திரம் இது: ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்கு மற்ற வாரியத்தின் உச்ச மதிப்பெண் சமம் என்று கொள். மற்ற மதிப்பெண்களை அதே விகிதத்தில் மாற்று. சட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மாநில வாரிய உச்சம் 100, மற்ற வாரிய உச்சம் 90 என்றால் அந்த 90ஐ 100 ஆக்கு. அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66.

எளிமையான ஏற்பாடு. மாணவர் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். நீதிமன்றத்தில் விளக்க இரண்டு வரி போதும். அந்தச் சண்டையில் அது பெரிய வசதி, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இரண்டு வாரியங்களின் மதிப்பெண் பரவலையும் இது ஒரே ஒரு புள்ளியில், உச்சியில், பிணைக்கிறது. சராசரி எங்கே, 80க்கு மேல் எத்தனை விழுக்காட்டினர் என்பதெல்லாம் சூத்திரத்துக்குள் வருவதில்லை. உச்சம் என்பது ஒரே ஒரு மாணவர். அவர் அன்று 95 எடுத்தால் அவர் வாரியத்தில் அனைவருக்கும் 5.26 விழுக்காடு ஏற்றம், 80 என்பது 84.2 ஆகும். 99 எடுத்தால் 80 என்பது 80.8. அவர் 100 எடுத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கால் மதிப்பெண் படியில் தரவரிசை நூற்றுக்கணக்கில் நகரும் இடத்தில், ஒரு மாணவரின் ஒரு விடைத்தாள் மற்ற எல்லாரையும் தூக்குகிறது அல்லது விடுகிறது.

மாற்று முறை இருந்ததா? விழுக்காட்டு நிலை, அதாவது தன் வாரியத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மேல் இருக்கிறார் என்பது, பரவல் முழுவதையும் கணக்கில் எடுக்கும். தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் 2013 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்புக்குக் கொடுத்த 40 விழுக்காட்டில் இந்த வழியைத்தான் பயன்படுத்தியது, பிறகு கைவிட்டது. எல்லாருக்கும் ஒரே நுழைவுத் தேர்வா என்ற ஐ.ஐ.டி. சேர்க்கைத் தகராறு 2012இல் வெடித்தபோது கான்பூரின் ஆளுநர் குழுத் தலைவர் ஆனந்தகிருஷ்ணன்தான். தனித் தேர்வு நடத்துவோம் என்று கான்பூரின் பேராசிரியர் அவையான செனட் தீர்மானம் போட்டது அந்த ஜூன் மாதம். முடிவில் வந்த சமரசம், ஒவ்வொரு வாரியத்திலும் முதல் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற தகுதி நிபந்தனை. விழுக்காட்டு நிலைக்கும் ஓர் ஊகம் அடியில் உண்டு: இரண்டு வாரிய மாணவர்களும் சராசரியில் ஒரே தரம் என்பது. மாநில வாரியத்தில் பல லட்சம் பேர், மத்திய வாரியத்தில் பெரும்பாலும் நகரத்து மாணவர் என்று இருக்கும்போது அந்த ஊகத்தை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. பரவலும் வேண்டும், ஊகமும் கூடாது என்றால் இரு தரப்பும் எழுதும் பொதுத் தாள் ஒன்று வேண்டும். அதை நீக்கத்தானே குழு போட்டார்கள்.

நேர்விகிதச் சூத்திரம் 90க்கும் 100க்கும் இடையில் உச்சங்கள் விலகியிருந்த நிலைக்கு வரையப்பட்டது, அங்கே ஓரளவு வேலையும் செய்யும். உச்சங்கள் நெருங்க நெருங்கப் பெருக்கும் எண் 1ஐ நோக்கிப் போகும். இரண்டு வாரியத்திலும் கணிதத்தில் தலா ஒரே ஒருவர் 100 வாங்கினாலும் பெருக்கும் எண் 1.00. சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டு மென்பொருள் எல்லா விண்ணப்பத்தையும் எடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஒன்றால் பெருக்கி, தரவரிசைக்கு அனுப்பும்.